அக்கரையில் கயிறு கட்டவில்லை

1

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு திருத்தம். எங்கள் கிறிஸ்தவ சபையின் மாதப் பத்திரிகையில் என்னை ‘அமெரிக்க அரசின் சாலைப் பொறியாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். கூடவே போட்ட படத்தில் தலை நிறைய முடியும் இருக்கிறது. இரண்டுமே இப்போது உண்மையில்லை.

டெக்சாஸின் நடுப்பகுதியில், நம்மூர்த் தாலுகா அளவுள்ள ஒரு கவுண்டியின் சாலைத் துறையில் நான் தொழிலாளி. வெயில் காலத்தில் ரோட்டுக் குழிகளை அடைப்பேன். வண்டி மோதிச் செத்த மான்களை அப்புறப்படுத்துவேன். மழைக்காலத்தில் ரோட்டை மூடுவேன். இங்கே பல ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. நம்ம பக்கத்துச் சப்பாத்து மாதிரி, ஓடையின் அடியோடு ஒட்டித் தாழ்வாக ரோட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் தூசிதான் பறக்கும். மேற்கே மேட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இடித்துப் பெய்துவிட்டால், அந்தத் தூசியின்மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்து நிற்கும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. அதற்குள் நான் தடுப்புகளை ஏற்றிக்கொண்டு போய் ரோட்டின் குறுக்கே வைத்து, லாரியின் மேலே சுழல்விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தால் போகாதே என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் என் பொறியியல்.

சென்ற வியாழக்கிழமை மாலை அப்படி ஒரு ஓடைக் கரையில் உட்கார்ந்திருந்தேன். வானம் கரிச்சட்டியின் அடிப்புறம் போல இருந்தது. இடி விழுந்த ஒவ்வொரு தடவையும் லாரியின் கண்ணாடி சின்னதாக நடுங்கியது. தண்ணீர் ரோட்டின்மேல் ஏறி, பழுப்பாக, அவசரமில்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. மகள் ஜெமி.

“அப்பா, நான் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் விளக்கு தெரிகிறது.”

அவள் பேசியது ஆங்கிலம். நான் தமிழாக்கித் தருகிறேன். இதில் அவளுடைய கோபம் கொஞ்சம் குறைந்துபோயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தேன். அக்கரையில், மழைக்கு நடுவே இரண்டு வெள்ளை விளக்குகள். நான் வாங்கிக்கொடுத்த பழைய சின்னக் கார். உரிமம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்குப் பள்ளியில் இசை நிகழ்ச்சி. அவளுக்கு வயலின். படிப்பு முடிகிற வருஷம், அதனால் அதுதான் கடைசி நிகழ்ச்சி. பள்ளிக்கூடம் இருப்பது என் கரையில்.

“திரும்பிப் போ” என்றேன்.

“ஏன்? இந்தப் பக்கம் தடுப்பே இல்லையே.”

உண்மை. அந்தப் பக்கம் தடுப்பு இல்லை. அந்த ஓடைதான் கவுண்டிக்கு எல்லை. இக்கரை எங்களுடையது, அக்கரை அடுத்த கவுண்டிக்காரர்களுடையது. அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

‘இந்தப் பக்கம் தடுப்பு இல்லை’ என்பதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். வேறு குரலில், வேறு ஓடையைப் பற்றி.

2

நான் இங்கே வந்தது என் மனைவி ஷீஜாவுக்குப் பின்னால். அவள் நர்ஸ். நெய்யாற்றிங்கரையில் படித்து, சவுதியில் இருந்து, பரீட்சைகள் எழுதி, இங்கே வந்து சேர்ந்தாள். என்னுடைய விசாவில் ‘சார்ந்திருப்பவர்’ என்று அச்சடித்திருந்தது. ஊரில் பாறசாலை ஸ்டாண்டில் எனக்கு ஒரு செருப்புக்கடை இருந்தது. அதை விற்றுவிட்டு விமானம் ஏறியவன், இறங்கியபோது ஒரு பெண்ணின் கைப்பையோடு வந்த சாமானாகியிருந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார், என்ன செய்கிறாய் என்று. நான் ஷீஜாவைக் கைகாட்டினேன். அவர் சிரித்து முத்திரை குத்திவிட்டார்.

சாலைத் துறையில் வேலை கிடைத்த புதிதில் என் மேலாளர் டேல் என்னை ஒரு ஓடைக்கரையில் விட்டுவிட்டுப் போனார். ஒரு பெரிய வண்டிக்காரன் தடுப்பைத் தாண்டப் பார்த்தான். நான் போய், பாறசாலைப் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில், “சார், கைண்ட்லி ரிவர்ஸ் அண்ட் ஒப்ளைஜ்” என்றேன். அவன் எதற்கோ பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டான். நீதிமன்றத்து ஆளென்று நினைத்திருக்கலாம். டேல் இன்றும் வயர்லெஸில் என்னை ‘ஒப்ளைஜ்’ என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் கேட்டது எல்லாம் எனக்குப் புதிது. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர் நல்ல திடமான ஆளையே வாரிப்போடும். கொஞ்சம் அதற்கு மேலே போனால் கார் மிதக்கும், மிதக்கிற கார் தோணியாகிவிடும், தோணிக்கு ஸ்டியரிங் கிடையாது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. இடி கேட்கிறதென்றால் மின்னல் நம்மைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. வெட்டவெளியில் நிற்காதே, மரத்தடிக்கும் போகாதே, வீட்டுக்குள் இல்லாவிட்டால் காருக்குள். இடி ஓய்ந்து அரை மணி நேரமாவது உள்ளேயே இரு.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் வானம் கறுத்ததும் நாங்கள் செய்ததெல்லாம் இதற்கு நேர்மாறு. ரப்பர் ஷீட்டு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். முதல் இடி விழுந்ததும் வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் வெட்டவெளிக்கு ஓடுவோம். நான் மழையில் தலை நனையாமலிருக்க அலுமினியச் சருவப்பானையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவேன். மின்னலுக்கு இதற்கு மேல் நான் எப்படித்தான் அழைப்பு வைப்பது?

அந்தச் சருவத்துக் கதையைச் சொல்லி வகுப்பில் எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அங்கே சொன்னதில் ஒரு வரியையாவது ஊருக்குப் போன் பேசும்போது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. ஊருக்குப் போன் பண்ணினால் பலாச்சக்கை, சபைத் தேர்தல், யார் யாரோடு பேச்சில்லை. பேச எத்தனையோ இருந்தது.

3

எல்லையில் பிறந்தவனுக்கு ஒரு சுபாவம் உண்டு. அதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கம் போகிற வழியில் ஒரு ஓடைக்கரையில். ஓடையை எங்கள் பேச்சில் தோடு என்போம். தோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், வீடு. அந்தப் பக்கம் தமிழ்நாடு, எங்கள் ரப்பர் விளை, அதாவது தோட்டம். நடுவே சப்பாத்து. சைக்கிளை ஒரு மிதி மிதித்தால் மாநிலம் மாறிவிடும். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் களியக்காவிளைக்குப் போய்ச் சாயா குடிப்போம். அந்தப் பக்கம் பஸ் ஓடவில்லையென்றால் இந்தப் பக்கம் வந்து பஸ் பிடிப்போம். பெட்ரோல் எங்கே குறைவோ அங்கே. கல்யாணப் புடவை அங்கே, பிரசவம் இங்கே. ஓணத்துக்கும் லீவு, பொங்கலுக்கும் லீவு. சட்டம் இரண்டு இருந்தால் இரண்டில் எது நமக்குச் சௌகரியமோ அதுதான் சட்டம். இதில் யாருக்கும் குற்றவுணர்ச்சி கிடையாது. கடையில் இரண்டு வாழைக்குலை தொங்கினால் நல்லதைத்தானே கேட்போம்?

என் அண்ணன் ஞானதாஸ் இந்தக் கலையில் எங்கள் எல்லோருக்கும் மேலே. மழைக்குக்கூட அவன் அப்படித்தான் செய்வான்.

வானிலைக்காரர்கள் மழை எச்சரிக்கைக்கு மாவட்டம் மாவட்டமாக நிறம் சொல்வார்கள் அல்லவா? திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றால், அதே நாளில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அதைவிடக் குறைந்த மஞ்சள் என்று வரும். மேகம் செக்போஸ்டில் நின்று சட்டை மாற்றிக்கொண்டு போவதுபோல. அண்ணன் காலையில் இரண்டு டிவியையும் பார்ப்பான், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஒருநாள் போனில் சொன்னான்.

“எலே, இண்ணைக்கு இஞ்ச ஆரஞ்சாக்கும். அஞ்ச மஞ்சள்தான். அதுனால நான் விளைக்குப் போயிட்டு வாறேன்.”

“மழ ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே அண்ணே?”

“மழ ஒண்ணுதான். கலெக்டரு ரெண்டு உண்டு, கேட்டியா.”

இரண்டு பேரும் சிரித்தோம். அதை நான் டேலுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் சிரித்தார். நல்ல தமாஷ்தான். இப்போதும் யாராவது என்னிடம் அதைச் சொன்னால், வேறு ஆளுடைய தமாஷாக இருந்தால், சிரிப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

4

ஓடைக்கரைக்குத் திரும்புகிறேன். ஜெமி அக்கரையில் நிற்கிறாள். வைப்பர் ஓடுவது தெரிகிறது.

முதலில் அடுத்த கவுண்டிக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு ஒரு நிஜப் பெண் வந்து, எங்கள் ஆட்கள் எல்லாம் மற்ற ஓடைகளில் இருக்கிறார்கள், வருவார்கள் என்றாள்.

டேலை வயர்லெஸில் கூப்பிட்டேன்.

“அந்தப் பக்கத்தில் நான் ஒரு தடுப்பு வைக்கலாமா?”

“ஒப்ளைஜ், அது அவர்களுடைய பக்கம். அதுமட்டுமில்லை, எப்படி வைப்பாய்? நடுவில் ஆறு ஓடுகிறது.”

அதுவும் சரிதான். எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறந்து இறங்கி, கரையோரம் போய் இரண்டு கையையும் ஆட்டினேன். பளீரென்று மின்னியது. உடனே வயர்லெஸ் கத்தியது. டேலுக்கு எங்கிருந்து தெரிந்ததோ, “லாரிக்குள் போ, விஜயதாஸ்” என்றார். அவர் என் முழுப்பெயரைச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். ஏறி உட்கார்ந்தேன். பயிற்சியில் கேட்டதெல்லாம் என் தலைக்குள் நுழைய, லாரியின் இரும்புக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போனில் ஜெமி காத்திருந்தாள்.

“அப்பா, ரோட்டின் மஞ்சள் கோடு தெரிகிறது. முழங்கால்கூட இருக்காது. மெதுவாக வந்துவிடுவேன்.”

“கரையோரம் தெரிகிற கோடு நடுவில் இருக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் வேலை அது.”

“உங்கள் வேலை உங்கள் பக்கத்தில்தானே? இந்தப் பக்கம் திறந்துதான் இருக்கிறது. சட்டப்படி நான் வரலாம்.”

இதைச் சொன்னவள் எங்கள் சப்பாத்தை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் கைக்குழந்தையாகவும் ஆறு வயதிலும். தமிழில் ‘சோறு போதும்’ என்பதற்கு மேல் பேச வராது. மலையாளம் பூஜ்யம். நாங்கள் அவளுக்கு எங்கள் பேச்சில் எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ஷீஜாவுக்கு இரவு ட்யூட்டி, எனக்கு மான். வந்த ஆங்கிலத்தைக் கொடுத்து வளர்த்தோம். ஆனால் எதைக் கொடுக்கவேயில்லையோ அது மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு கரையில் சௌகரியமான கரையைக் காட்டிப் பேசுகிற அந்தக் குணம்.

அவள் காரின் விளக்குகள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தன.

“ஜெமி.”

“சும்மா பார்க்கிறேன், அப்பா.”

5

அண்ணன் போனது துலாமழைக் காலத்தில். இந்த ஐப்பசி வந்தால் ஒரு வருஷம்.

நான் அங்கே இல்லை. லில்லி மைனி, அண்ணன் மனைவி, பலதடவை சொல்லிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் அதே வார்த்தைகளில் சொல்வாள். ஒன்றைக்கூட மாற்றமாட்டாள்.

மத்தியானம் வரை நல்ல வெயில். பின்னேரம் மலைப்பக்கம் கறுத்தது. அண்ணன் விளையில் ஷீட்டு எடுக்கப் போயிருந்தான். மேலே மலையில் மழை கொட்டி ஊற்றியிருக்கிறது. தோட்டில் தண்ணீர் சிவப்பாகக் கலங்கி ஏறியது. கேரளக் கரையில் அன்றைக்கு ஆரஞ்சு என்பதால் பஞ்சாயத்து ஆள் ஒருவர் வந்து சப்பாத்தின் வாயில் கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியையும் தொங்கவிட்டுப் போயிருந்தார். அந்தக் கரையில் மஞ்சள். அங்கே கயிறு இல்லை. யாரும் வரவில்லை. மைனி கயிற்றருகில் குடையோடு நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் அக்கரையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து எடுத்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசியிருக்கிறார்கள்.

“இஞ்ச கயறு கெட்டியாச்சு. நீங்க அஞ்சயே நில்லுங்க. பக்கத்தில சாமுவேல் வீட்டில கெடந்துட்டு நாளைக்கு வாருங்க.”

“அது கேரளாவுக்க கயறாக்கும், லில்லி. இஞ்ச ஒண்ணும் இல்ல. எனக்கு மஞ்சள்.”

“மஞ்சளோ பச்சயோ, தண்ணி செவப்பால்ல வருது.”

“முட்டளவுதான் உண்டு. பைய வாறேன். நீ போயி சாயா போடு.”

அவன் சிரித்தான் என்கிறாள் மைனி. சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணினான். பாதி தூரம் ஒழுங்காக வந்தான். நடுவில் காங்கிரீட் ஒரு துண்டு பெயர்ந்துபோயிருந்தது. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் ஓடியது. ஸ்கூட்டர் சாய்ந்தது. விளக்கு தண்ணீருக்குள் போயும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்ததாம்.

மறுநாள் கிடைத்தான், கீழே வெகுதூரத்தில், தமிழ்நாட்டுக் கரையில். போனது எந்த மாநிலத்தில் என்று ஒரு கேள்வி எழுந்தது. நடுச் சப்பாத்து யாருடையது? இரண்டு பக்கத்து ஸ்டேஷன்காரர்களும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மைனி ஒரு பகல் முழுக்க இரண்டு மாநிலத்துக்கும் நடந்தாள். வாழ்நாளெல்லாம் இரண்டையும் தன் வசதிக்குத் தேர்ந்தெடுத்தவனைக் கடைசியில் இரண்டுமே தேர்ந்தெடுக்கவில்லை.

என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரம் என்று எழுதினேன். அவசரத்துக்குத் தனிப் படிவம் இருந்தது, அதில் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். அடக்கத்தை யூடியூபில் பார்த்தேன். பாறசாலை ஸ்டுடியோக்காரன் மூன்று கேமரா வைத்து நேரடியாக ஒளிபரப்பினான். போதகர் ஜெபிக்கும்போது நடுவில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. நான் அது முடியட்டும் என்று கைகட்டி நின்றுகொண்டிருந்தேன், வரவேற்பறையில், சாக்ஸ் போட்டுக்கொண்டு. விளம்பரம் முடிந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

ஜெமிக்கு அப்போது பரீட்சை. பெரியப்பா ஸ்கூட்டர் விபத்தில் இறந்துவிட்டார் என்று ஷீஜா சொன்னாள். பொய்யில்லை. ஸ்கூட்டரும் இருந்தது, விபத்தும் இருந்தது. அதோடு விட்டுவிட்டோம்.

6

அவள் கார் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் இடம்தான் இருந்திருக்கும்.

என்னிடம் இருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. அப்பா சொல்கிறேன் என்றால் இந்த நாட்டில் அது ஒரு வாதமே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் நேராகச் சொன்னேன்.

“ஜெமி, பெரியப்பா ஸ்கூட்டர் விபத்தில் சாகவில்லை. இதே மாதிரித் தண்ணீரில் போனார். முழங்கால் அளவுதான். எங்கள் பக்கம் கயிறு கட்டியிருந்தது. அவர் நின்ற பக்கம் கட்டவில்லை. பெரியம்மா இந்தப் பக்கம் நின்று வராதே என்று சொன்னாள். அவர், இங்கே கயிறு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.”

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பக்கத்து மழையும் என் பக்கத்து மழையும்.

“பெரியம்மா பார்த்துக்கொண்டு நின்றார்களா?”

“ஆமா.”

“இப்போது நீங்கள் நிற்கிற மாதிரி?”

நான் கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.

“அந்தப் பக்கம் ஏன் யாருமே கட்டவில்லை?” என்று கேட்டாள்.

“அந்தப் பக்கம் ஆள் இல்லை.”

காருக்குப் பின்னால் மழையில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. பின்னால் போகிறாள். அவளுக்கு வண்டி பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் அது நேராகப் போகவில்லை. ஆனாலும் போயிற்று. மேட்டின்மேல் ஏறியது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். சிநேகிதி வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவாள், இசை நிகழ்ச்சி போயிற்று, என்னோடு ஒரு வாரம் பேசமாட்டாள், போகட்டும். எனக்குக் கோபித்துக்கொள்ள ஒரு மகள் இருக்கிறாள்.

தலையைத் தூக்கினபோது கார் போகவில்லை. மேட்டின் உச்சியில் ரோட்டோரமாக ஒதுங்கி, நான்கு மூலையிலும் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. போன் எடுத்தேன்.

“என்ன ஆச்சு? வண்டி நின்றுபோச்சா?”

“இல்லை. இங்கே தடுப்பு இல்லையே.”

“ஜெமி, நீ போ. அவர்கள் ஆள் வருவார்கள்.”

“வரட்டும். அதுவரை இருக்கிறேன்.”

“வண்டியை விட்டு இறங்கக்கூடாது. இடி இடிக்கிறது. கண்ணாடியை மட்டும் இறக்கு. தண்ணீர் மேலே ஏறினால் உடனே போய்விட வேண்டும்.”

“தெரியும். லாரியை விட்டு இறங்கியது நீங்கள்தான்.”

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய பிக்கப் வந்தது. வேகம் குறையாமல் வந்தது. அவள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள், ஹாரனை விடாமல் அழுத்தினாள், எனக்கே காதில் விழுந்தது. பிக்கப் நின்றது. கண்ணாடி வழியாக ஒரு மெலிந்த கை நீண்டு, உள்ளங்கையைக் காட்டியது. என்ன பேசினாள் என்று தெரியாது. பிக்கப் கொஞ்சம் யோசித்து நின்றது, பிறகு திரும்பிப் போனது. அதற்குப் பின் ஒரு கார். பின்னும் ஒன்று, பின்னால் குழந்தை இருக்கை வைத்தது. எல்லாம் திரும்பிப் போயின.

அடுத்த கவுண்டிக்காரர்கள் தடுப்போடு வந்து சேர்ந்தபோது நிகழ்ச்சி தொடங்கியிருக்கும். அவர்கள் அவளிடம் ஏதோ சொன்னார்கள். அவள் காரைத் திருப்பி, நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் தண்ணீர் வடியட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் இல்லையா.

7

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன், “அந்த வண்டிக்காரர்களிடம் என்ன சொன்னாய்?”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “என் பெரியப்பா இந்த ஓடையில்தான் செத்துப்போனார் என்று சொன்னேன்.”

“இந்த ஓடை இல்லையே.”

“அவர்களுக்கு அது தெரியாதில்லையா?”

ஷீஜா வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெமி வயலின் பெட்டியைக் காரிலேயே விட்டிருந்தாள். எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிற ஆகஸ்டில் அவள் வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போகிறாள். பெரியப்பாவுக்கு எத்தனை பல் இருந்தது, எப்படிச் சிரிப்பார் என்றெல்லாம் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாள். பாதிக்கு மேல் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.

ஊரில் விடிந்திருக்கும் என்று மைனிக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். என் வழக்கப்படி டேல் திட்டியதில் ஆரம்பித்து, நான் லாரியில் ஏறி இறங்கியதையெல்லாம் நடித்துக் காட்டினேன். மைனி சிரிக்கவில்லை.

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?”

“ஒண்ணும் இல்ல மைனி. மூணு வண்டிய நிறுத்தினா.”

“செரி.”

அங்கே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“அவ எந்தக் கரையில நிண்ணா?” என்று கேட்டாள்.

“அக்கரையில மைனி. தடுப்பு இல்லாத்த கரையில.”

“நான் கயறு கெட்டின இக்கரையிலல்லவா மக்கா நிண்ணேன்” என்றாள்.